சாம்சன் வம்சத்து வாரிசு

அத்திப்பட்டு
9.6.2024

அன்புள்ள ஜெரால்ட் அண்ணனுக்கு,

தங்கச்சி சுகிர்தாவின் ஸ்தோத்திரம். நானும் அம்மாவும் சுகம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் மாடியில் காயும் துணியில் படிகிறது, அம்மா அதைத் தினமும் திட்டுகிறாள். உன் உடம்பு எப்படி? கும்மிடிப்பூண்டி ரூம் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

நம் கேமில் மூன்றாம் ராஜா நேற்று காலமானார். இருபத்தேழு வருஷம் என் கையில் ஆண்டவரை வேட்டையில் காட்டுப்பன்றி குத்திவிட்டது. நீ போட்ட விதிப்படி இந்த ராஜா எனக்கு, அடுத்தவர் உனக்கு. சாகிற ராஜா அடுத்தவருக்குக் கைப்படக் கடிதம் எழுதிப் பென் டிரைவோடு அனுப்ப வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் கேமுக்காகக் கடிதம் எழுதுகிறவர்கள் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். லோகு அண்ணன் தான் ஓட்டும் உங்கள் கம்பெனி வேனில் கொண்டுவந்து கொடுப்பார்.

உன் நாலாம் ராஜா பிறவி நோஞ்சான். ஆரம்பத்தில் முதல் ராஜாவுக்கு, இறந்துபோன நம் அப்பா பெயரையே வைத்து, சாம்சன் என்று, வேடிக்கைக்குக் 'குடிகாரன்' குணத்தையும் போட்டு, கெட்ட குணத்துக்குக் கிடைக்கும் புள்ளியை மிச்சம் பிடிக்க 'நோஞ்சான்' குணத்தையும் சேர்த்தோமே. அந்த நோஞ்சான் நாலு தலைமுறையாகத் துரத்துகிறது. குடிகாரன் மட்டும் எங்கே போனான்? நிஜத்தில் அதுதானே முதலில் இறங்கும்?

இப்போது நிஜத்துக்கு வருகிறேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து பெண் பார்த்தார்களே, விமல் வீட்டார், அவர்களுக்குச் சம்மதம். எனக்கும்தான். ஆனால் அப்பாவைப் பற்றி யாரோ ஓதியிருக்கிறார்கள். விமலின் அம்மா நேராகவே கேட்டார்: "அப்பா தண்ணி கேசுன்னு சொன்னாங்க. புள்ள எப்பிடி? அவரு வந்து குந்தி ஒரு வார்த்த சொல்லட்டும், பூ வெச்சிடலாம்." நீ வந்து அந்த ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாற்பது நிமிஷ ரயில்தானே.

உன் வரவை எதிர்பார்க்கும்,
சுகிர்தா


கும்மிடிப்பூண்டி
30.6.2024

பிரியமுள்ள பாப்பா,

கர்த்தர் கிருபையால் சுகம். அம்மாவின் முட்டி வலி தேவலையா? தைலத்தை நிறுத்த வேண்டாம் என்று சொல்.

பென் டிரைவ் வந்தது. நாலாம் ராஜாவை முடிசூட்டிவிட்டேன். நீ கேட்டதற்குப் பதில்: அந்த கேமில் குணங்கள் இரண்டு வகை. கோபம், கஞ்சத்தனம், குடி, சந்தேகம் எல்லாம் வளர்ப்பிலும் வாழ்க்கையிலும் ஒட்டிக்கொள்பவை. அப்பன் குடிகாரன் என்பதால் பிள்ளை குடிகாரனாகப் பிறக்காது. ரத்தத்தில் இறங்குவது நோஞ்சான் மாதிரியானவை மட்டும். அதுவும் பாதிக்குப் பாதி. நாணயம் சுண்டுவது போல ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகச் சுண்டும். அண்ணனுக்கு வந்தால் தங்கைக்கு வரும் என்றும் இல்லை, வராது என்றும் இல்லை.

விமல் வீட்டாரை கிறிஸ்துமஸ் வரை பொறுக்கச் சொல். எனக்கு ஷிப்ட் மாற்றமாக இருக்கிறது. போனில் பேச ரூமில் சிக்னல் இல்லை, அம்மாவைக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

அன்பு அண்ணன்,
ஜெரால்ட்


அத்திப்பட்டு
14.7.2024

அண்ணனுக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மனசு சுகமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை மரியாதைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

ஆறு மாதம் முன்புவரை அதே ரூமிலிருந்து வீடியோ காலில் என் மூக்கைக் கிண்டல் செய்தவனுக்கு இப்போது சிக்னல் இல்லையாம். போன வாரம் அம்மா விடாமல் அடித்து நீ ஒரு முறை எடுத்தாய். மூன்று வார்த்தை பேசினாய். அந்த மூன்றும் குழறின. போனை வைத்துவிட்டு அம்மா சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பன் மாதிரியே பேசறான்டி"ன்னு ஒரே அழுகை. மதியம் மூன்று மணிக்கு அண்ணா!

கடிதத்தில் உன் எழுத்தும் கோட்டை விட்டு மேலும் கீழுமாக ஓடுகிறது. வேனில் உட்கார்ந்து எழுதினாயா?

கிறிஸ்துமஸ் வரை எதற்காகப் பொறுக்க வேண்டும்? காரணம் சொன்னால் நானே அவர்களிடம் பேசுவேன். ஷிப்ட் என்று சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஷிப்ட் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

பதில் சீக்கிரம் போடு.
சுகிர்தா


கும்மிடிப்பூண்டி
25.8.2024

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். தாமதத்துக்கு மன்னி. இதைக் கம்ப்யூட்டரில் அடித்து பிரிண்ட் எடுத்திருக்கிறேன். விரலில் சின்ன வெட்டு, பயப்பட ஒன்றுமில்லை.

நாலாம் ராஜாவுக்கு ஒரு மகன், ஒரு மகள். ராஜாவுக்கு வயதாக ஆக 'சந்தேகப் பிராணி' என்ற குணம் ஒட்டிக்கொண்டது. மந்திரி, சமையல்காரன், சொந்தக் குதிரை என்று ஒன்றையும் நம்புவதில்லை. பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது.

அம்மாவைப் பார்த்துக்கொள். விமல் வீட்டு விஷயத்தில் அவசரப்படாதே.

ஜெரால்ட்


அத்திப்பட்டு
8.9.2024

ஜெரால்ட் அண்ணனுக்கு,

விரல் ஆறிவிட்டதா? அம்மா முட்டி பரவாயில்லை.

ஆறு வாரம் கழித்து அரைப் பக்கம் போட்டிருக்கிறாய். அதில் கையெழுத்துகூட இல்லை, பெயரையும் அடித்தே அனுப்பியிருக்கிறாய். நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை. அந்த ராஜாவின் குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டது என்றே வைத்துக்கொள். சந்தேகப் பிராணியாகவே கேட்கிறேன்.

லோகு அண்ணன் மறைப்பவர் இல்லை. நேற்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டார்: "உங்க அண்ணன் ஷிப்ட் முடிச்சு செவுத்தப் புடிச்சுக்கினு வராரு பாப்பா. கேட்ல செக்யூரிட்டி மூணு வாட்டி மெஷின ஊதச் சொல்லிக்கினு இருந்தான். எனக்கே பேஜாரா பூடுச்சு."

குடித்திருக்கிறாயா என்று பார்க்கும் அந்த மெஷின் என்ன காட்டியது என்று லோகு அண்ணனுக்குத் தெரியாது. எனக்கும் தெரிய வேண்டாம்.

அப்பாவை நினைத்துப் பார். இதே கும்மிடிப்பூண்டியில் உருக்கு மில்லில் கிரேன் ஓட்டியவர். தள்ளாடி நடக்கிறார் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். சபையில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, இனி குடிக்க மாட்டேன் என்று உறுதிமொழிப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்களே, அப்போது எனக்குப் பதினாறு வயது. பேனா பிடிக்க முடியாமல் கை ஆடியது. அந்தக் கையெழுத்து கோணிக்கொண்டு கீழ்வரி வரை இறங்கியது. "கையெழுத்துப் போட வரும்போதே ஊத்திக்கினு வந்துகீறான் பாரு" என்று பின்பெஞ்சில் யாரோ சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குளியலறையில் விழுந்து அவர் செத்தபோதும் ஊர் அதையேதான் சொன்னது. நாமும் அதையேதான் நினைத்தோம்.

நீயும் அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போடப் போகிறாயா? என் கல்யாணம் உன் ஒரு வார்த்தையில் தொங்குகிறது. அதைச் சொல்ல முடியாதவனாக ஆகிவிட்டாயா?

சுகிர்தா


கும்மிடிப்பூண்டி
20.10.2024

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம்.

நாலாம் ராஜா படுக்கையில் அமைதியாக இறந்தார். விதிப்படி கடிதமும் பென் டிரைவும் லோகு அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். மகனை ஒதுக்கிவிட்டு மகளுக்குப் பட்டம் கட்டியிருக்கிறேன். அவள் நோஞ்சான் இல்லை. நல்ல ரத்தம். நீ பயமில்லாமல் ஆடலாம்.

நான் குடிப்பதில்லை. இதுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை.

ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல். அப்பா குடித்து நீ பார்த்திருக்கிறாயா? பாட்டில், கிளாஸ், கடை வாசல், எதையாவது? அம்மாவையும் கேள்.

ஜெரால்ட்


அத்திப்பட்டு
3.11.2024

அண்ணனுக்கு,

தீபாவளிப் புகையில் அம்மாவுக்கு இருமல், கஷாயம் கொடுத்தேன், இப்போது தூங்குகிறாள். நான் நன்றாக இருக்கிறேன், கோபமாகவும் இருக்கிறேன்.

கேட்டதைக் கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையிலிருந்த காம்பை முறத்தில் வைத்தாள். பிறகு, "பாட்டில நான் பாத்ததில்ல. வாசனயும் வந்ததில்ல. மிட்டாய் வாசனதான் வரும். வாசனய மறைக்கத்தான் மிட்டாய் துன்றாருன்னு சபையில சொன்னாங்க, நானும் நம்பிக்கினேன்" என்றாள். அதற்குமேல் கீரையை ஆயவில்லை.

எதற்குக் கேட்டாய்?

இப்போது கேம். நீ கள்ளாட்டம் ஆடியிருக்கிறாய். பென் டிரைவில் பழைய சேவ் ஃபைலை அழிக்க மறந்துவிட்டாய் அண்ணா. இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆகஸ்டில் மகனும் நோஞ்சான், மகளும் நோஞ்சான். அக்டோபரில் மகன் மட்டும். குணத்தை மாற்றும் கட்டளையைப் போட்டு அவளிடமிருந்து எடுத்திருக்கிறாய். இந்த மூன்று வருஷத்தில் நீ ஒரு முறைகூட அந்தக் கட்டளையைத் தொட்டதில்லை. நான் ஒரு தடவை தொட்டதற்கு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

ஜெயிப்பதற்காகக் கள்ளாட்டம் ஆடுகிறவன் இரண்டு பேரிடமிருந்தும் எடுத்திருப்பான். நீ மகனிடம் விட்டுவைத்தாய், மகளிடமிருந்து மட்டும் எடுத்தாய். இரண்டு நாளாக எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்க்கிறேன். எழுத்து கோணுகிறது, பேச்சு குழறுகிறது, சுவரைப் பிடித்து நடக்கிறாய், கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறாய், பாதிக்குப் பாதி என்கிறாய்.

ஜனவரி 19 பூ வைப்பதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். எனக்கு உண்மையைச் சொல். இரண்டு கடிதத்தை அடித்தே அனுப்பிவிட்டாய், இந்த முறை கையால் எழுது.

உன் தங்கை,
சுகிர்தா


கும்மிடிப்பூண்டி
1.12.2024

என் பாப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று இதுவரை எழுதியதெல்லாம் பொய். இதை எழுத நாலு நாள் ஆனது. எழுத்து புரியாத இடத்தில் அம்மாவிடம் காட்டாதே, லோகு அண்ணனிடம் கேள், அவருக்கு இப்போது தெரியும்.

மே மாதம் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடக்கும்போது தரை நகர்வது போல இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு ரத்தம் எடுத்தார்கள். சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறதாம். நடை, கை, பேச்சு மூன்றும் அதன் கட்டுப்பாட்டில் இருப்பவை. ரத்தவழியில் வருவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. நிறுத்த மருந்தில்லை, பயிற்சி செய்தால் மெதுவாகப் போகும் என்கிறார்கள்.

டாக்டரம்மா கேட்டார், வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று. இல்லை மேடம், எங்கப்பா குடிகாரர், அவர் தள்ளாடியது அதனால்தான் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "குடிச்சாருன்னு யாரு சொன்னாங்க?" என்றார். எண்ணிப் பார்த்தேன் பாப்பா. ஊர் சொன்னது, மில்லில் சொன்னார்கள், சபையில் சொன்னார்கள். அவர் மட்டும்தான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாய் குழறியதால் அதையும் நாம் நம்பவில்லை.

இப்போது அது எனக்கு நடக்கிறது. கேட்டில் மூன்று முறை ஊதினேன். மூன்று முறையும் ஜீரோ. சூப்பர்வைசர் மணவாளன் சார் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மெஷினுக்கு இன்னா ஆச்சு?" என்றார். சந்தேகம் மெஷின்மேல்தான் வந்தது, தன்மேல் வரவில்லை. அன்று அப்பாவுக்கு அப்படி ஒரு மெஷின்கூட இல்லை. மரத்துப்போன நாக்குக்கு ருசி கொடுக்க மிட்டாய் சாப்பிட்டிருப்பார், பாவம்.

உன்னிடம் மறைத்தது உன் கல்யாணத்துக்காக. முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளே அது விமலுக்குச் செய்யும் துரோகம் என்று தோன்றும். மறுபடி மறைக்கத் தோன்றும். ஆறு மாதம் இப்படியே போனது. உனக்கு இருக்கிறதா இல்லையா என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம் என்றார் டாக்டரம்மா.

அந்த ராஜகுமாரியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு கட்டளையில் எடுத்துவிட முடிந்தது. எடுத்துவிட்டேன். கள்ளாட்டம்தான். என்னை மன்னி.

ஜெரால்ட்


அத்திப்பட்டு
5.1.2025

என் அன்பு அண்ணனுக்கு,

புது வருஷம் உனக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும். உடம்பை எப்படி வைத்திருக்கிறாய்? பயிற்சி செய்கிறாயா? இனிமேல் இதற்கு உண்மையான பதில் மட்டும்தான் வேண்டும்.

ஒரு மாதம் எழுதவில்லை. முதல் வாரம் உன்மேல் கோபம், பிறகு என்மேல். தலை குனிந்து உட்கார்ந்திருந்த பதினாறு வயசுப் பெண்ணைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன், விமலிடமும் நானே சொன்னேன். எல்லாவற்றையும். விமல், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவருடைய அம்மா போன் செய்தார். "குடின்னா கூட திருத்திக்கலாம்மா. இது ரத்தமாச்சே." அப்பா குடிகாரராகவே இருந்திருந்தால் என் கல்யாணம் நடந்திருக்கும். கேட்டுச் சிரித்தேன் அண்ணா, பிறகு நன்றாக அழுதேன். பரிசோதனை முடிவு தெரியட்டும், அதுவரை காத்திருக்கிறேன் என்று விமல் தனியாக மெசேஜ் போட்டிருக்கிறார். அவருக்கு நான் பதில் போடவில்லை. பரிசோதனை செய்துகொள்ளப் போகிறேன், அவருக்காக இல்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

இன்று காலை சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் அம்மா எழுந்தாள். எனக்கே தெரியாது. முட்டி வலியோடு முன்னால் போய் நின்று, மைக்கை வாங்காமல், "எம் புருஷன் குடிக்கல. அது வியாதி. நீங்க சொன்னீங்க, நான் நம்பிக்கினேன். அவரு சொன்னாரு, நான் நம்பல" என்றாள். அவ்வளவுதான். ஒருவர்கூட அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் ஐயா பழைய உறுதிமொழிப் புத்தகத்தை பீரோவிலிருந்து எடுத்துவந்தார். அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே, இவர் குடித்தவர் அல்ல என்று அவரே எழுதினார். அம்மா கையெழுத்துப் போட்டாள், நானும் போட்டேன். பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறோம்.

வா. அன்று கேட்ட அதே ஒரு வார்த்தைக்காகத்தான் கூப்பிடுகிறேன். கேட்பவர்கள்தான் வேறு.

பென் டிரைவ் இதோடு வருகிறது. ராஜகுமாரியிடம் நீ எடுத்த குணத்தைத் திரும்பப் போட்டுவிட்டேன். அவள் அதோடேயே ஆளட்டும்.

உன்,
சுகிர்தா


கும்மிடிப்பூண்டி
15.1.2025

அன்பு பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து வந்தபின் நன்றாகத் தூங்கினேன். நடை அதேபோலத்தான். நாக்கு காலையில் கொஞ்சம் தேவலை. டாக்டரம்மாவின் சீட்டை மணவாளன் சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றுகிறேன் என்றார். மன்னிப்பு கேட்கவில்லை, நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். அம்மா கொடுத்த அதிரசத்தை ரூமில் எல்லோரும் தின்றுவிட்டார்கள்.

புத்தகத்தில் என் கையெழுத்தைப் போட்டபோது நீ பார்த்தாய். அதுவும் கோணிக்கொண்டு கீழ்வரி வரை இறங்கியது. அப்பாவுடையதும் என்னுடையதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று தெரியாது. பின்பெஞ்சில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று பென் டிரைவைத் திறந்தேன். ராஜகுமாரி நோஞ்சானாகவே சிம்மாசனத்தில் இருக்கிறாள். சரி, உன் ஆட்டம். பிறகு சும்மா வம்ச மரத்தில் மேலே மேலே போய், முதல் ராஜா சாம்சனைத் தொட்டேன். நோஞ்சான் என்று இருந்தது. பக்கத்தில் குடிகாரன் என்று இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

செத்த ராஜாவின் குணத்தை மாற்றினால் ஆட்டத்தில் ஒரு குண்டூசிகூட நகராது என்பது உனக்குத் தெரியும். விதிப்படி அதுவும் கள்ளாட்டம்தான். உன்மேல் புகார் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. முதலில் உட்கார வைத்துப் பேசுவார்கள், அப்புறம்தான் ரத்தம் எடுப்பார்கள், பயப்படாதே. எட்டு மணி லோக்கலில் வருகிறேன், முதல் பெட்டி. அத்திப்பட்டில் வண்டி அதிக நேரம் நிற்காது, என்னால் இறங்கி ஏற முடியாது, நீதான் ஏறி வர வேண்டும். ஜன்னலோரம் உனக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருப்பேன்.

உன் அண்ணன்,
சா. ஜெரால்ட்